அணிலுக்கு விட்ட மரம்

என் மகனுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய். நாங்களும் அப்படியேதான் பதில் போடுவோம். இத்தனை வருஷமாக இரண்டு பக்கமும் சௌக்கியத்தை எழுதித் தபால் இலாகாவை வாழவைத்தது போதும். இந்த முறை உள்ளதை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், வரிகள் மலையேறப் போகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். காலை வெயில் வாசலில் விழுகிற நேரத்தில் மட்டும்தான் எழுத முடிகிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதியதல்ல இது. நேற்று எழுதியதை இன்று திரும்பப் படிக்கவும் பொறுமை இல்லை. சொன்னதையே திரும்பச் சொன்னால் கிழவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்.

உன் அம்மா கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் உன்னோடு பேசிவிட்டு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அவன் வாரானாம். அந்த வேலைய விட்டுட்டு, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு ஒரேயடியா வாரானாம். ராஜபாளையம் மில்லுல மெக்கானிக் வேல இருக்காம்ல. பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள வந்துருதேன்னு சொல்லுதான்" என்றாள். எதுக்கு இப்ப, என்று கேட்டேன். "எதுக்கா? ஒங்களுக்குக் கண்ணு போய்க்கிட்டே இருக்குன்னு நான்தான் சொன்னேன். பெத்த பிள்ளைகிட்டச் சொல்லாம வேற யாருட்டச் சொல்ல?" என்றாள். அவளோடு வாதாடி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? அதனால் உன்னிடம் நேரடியாகச் சொல்கிறேன். நீ வராதே. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதற்கான காரணம்தான்.

முதலில் கண் விஷயம். மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. வாடியது வாடியதுதான், திரும்பாது. சொட்டு மருந்து, மிச்சம் இருப்பதைக் கொஞ்ச காலம் தாங்கும். உன் அம்மா இதைப் புரை என்று நினைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நீயும் பம்பாயில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றாயாம். வேண்டாம், எங்கே காட்டினாலும் இதேதான். எனக்குப் போயிருப்பது ஓரப் பார்வை. நேரே இருப்பது மட்டும் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவன் இது போனாலும் சமாளித்துக்கொள்வான். காட்டில் வேலை பார்த்தவனுக்கு முதலில் போகக்கூடாதது இதுதான். எந்த மிருகத்தையும் யாரும் நேர்ப்பார்வையால் கண்டுபிடிப்பதில்லை. ஓரத்தில் ஒரே ஒரு கிளை காற்றோடு சேராமல் அசையும். தலை தானாகத் திரும்பும். அதற்குப் பிறகுதான் அது மந்தியா, மலையணிலா என்று தெரியும். இப்போது எனக்கு எந்தக் கிளையும் அசைவதில்லை.

அசைந்தாலும் பார்க்க என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். நான் ஃபாரஸ்ட் கார்டாகச் செண்பகத்தோப்புப் பக்கம் சுற்றிய நாளில் காலண்டர் பார்த்து மாதம் அறிந்ததில்லை. மாசியில் ஓடைக்கரை இலவமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். விழுந்த பூவைத் தின்னப் புள்ளிமான் வரும். அந்த மரம் சிவகாசிக்குத் தீக்குச்சியாகப் போய்விட்டது, மான் எந்தப் பூவைத் தின்கிறதோ. சித்திரையில் மேலே தண்ணீர் வற்றினால் யானை அடிவாரத்துக்கு இறங்கும். இப்போது அது இறங்குகிற இடமெல்லாம் கம்பி வேலி. ஐப்பசி மழைக்கு முன்னால் கறுப்பும் நீலமுமாக வண்ணத்துப்பூச்சிகள் சமவெளியிலிருந்து மலையைப் பார்த்துப் பறந்துகொண்டே இருக்கும். அவை ரோட்டைக் கடக்கும்போது வன்னியம்பட்டி பஸ்ஸின் முன்கண்ணாடியில் அப்பிக் கிடப்பதைத்தான் கடைசியாகப் பார்த்தேன். அதே சமயம் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்து தோப்புச் சருகில் இறங்கும். பொழுது விடியும்போதும் அடையும்போதும் கத்துகிற குருவி. போன ஐப்பசியில் அது வந்ததைக் காதால்தான் அறிந்தேன். வந்த இடத்தில் சருகும் இல்லை, நிழலும் இல்லை. சில நாள் கத்தியது. பிறகு கேட்கவில்லை.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பாய். உனக்கு நான் சொல்ல வந்தது மலையணிலைப் பற்றித்தான். நம் ஊர் மலையில் இருக்கிற சாம்பல் நிற ஜாதி. உடம்பு நீளத்துக்கு வால் இருக்கும். கீழே இருக்கிற நம்மைத் திட்டுகிற மாதிரி கடகடவென்று கத்தும். மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற பிராணி அது. தரையில் கால் வைத்தால் ஒன்றுக்கும் ஆகாது, நாய் பார்த்தால் முடிந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சரணாலயம் அறிவித்துப் போர்டு வைத்தார்கள். போர்டு ஓடைக்கு அந்தப் பக்கம். அணிலுக்குப் பிடித்த மாமரமும் புளியமரமும் ஓடைக்கு இந்தப் பக்கம், தனியார் தோப்பில். அணில் போர்டைப் படித்துவிட்டா தாவும்? காட்டு மரத்திலிருந்து ஓடைக்கரை நாவல்மரத்துக்கு வந்து, அதிலிருந்து புளிக்கு வந்து, மாமரம் மாமரமாகத் தாவி நம் வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் வந்துவிடும்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரெங்கசாமியை உனக்குத் தெரியும். நல்லவன்தான், மாங்காய்ச் சீசனில் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். கவண் வைத்துக்கொண்டு ஆள் நிற்கும், வேட்டு வெடிக்கும். ஒருநாள் நான் சத்தம் போட்டதற்கு, அணில் கடித்துப்போட்ட காய்களை அள்ளிக்கொண்டு வந்து நம் வாசலில் கொட்டினான். "கார்டய்யா, ஒங்க அணிலு தின்னுச்சுன்னா தின்னுட்டுப் போகட்டும், நான் ஒண்ணும் சொல்லல. இதுல ஒரு கடி, அதுல ஒரு கடின்னு அம்புட்டையும் எச்சியாக்கிப் போடுதே! ஏமி சேசேதி, நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க" என்றான். கோபம் வந்தால் அவனுக்கு அவன் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். நான் சொன்னேன்: "ஒத்த மரத்த அணிலுக்குன்னு விட்டுரும். அதுல கவண் படக்கூடாது, கிட்டக்க வேட்டு வெடிக்கக்கூடாது, காய் பறிக்கக்கூடாது. பொறவு பாரும், மத்த மரத்துக்கு அது வராது." "எந்த மரம்?" என்றான். தோப்பின் கிழக்கு ஓரத்தில், நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கிளிமூக்கு மாமரத்தைக் காட்டினேன். காடு இருப்பது மேற்கே. அன்று எனக்கு அது தோன்றவில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டே அணிலைப் பார்க்கலாம் என்பதுதான் தோன்றியது.

அந்த ஏற்பாடு எப்படிப் பலித்தது என்று நீயே பார்த்தாய். காய் பறிக்கத் தொடங்குகிற நாளில் ரெங்கசாமி முதல் வேலையாக அந்த மரத்தில் மஞ்சள் துணியைக் கட்டுவான். பறிக்கிற ஆட்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் அணில்கள் மரம் மரமாகத் தாவி நேரே துணி கட்டிய மரத்துக்கு வந்துவிடும். என்னவோ நம் வீட்டில் பெண் எடுத்த மாதிரி உரிமையாக வந்து உட்கார்ந்து தின்னும். பார்க்க வந்த ரேஞ்சர்கூட என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நீ பம்பாய்க்குப் போன பிறகு தோப்புக்காரர் மாமரம் வேண்டாம், தென்னை வைக்கலாம் என்று முடிவு செய்தார். ராஜபாளையத்தில் இருக்கிறவர், தொழிற்சாலை வைத்திருப்பவர். அவரைக் குறை சொல்லி என்ன? மாமரம் ஒரு வருஷம் காய்க்கிறது, ஒரு வருஷம் ஏமாற்றுகிறது. ரெங்கசாமி போய்க் கெஞ்சினான், துணி கட்டுகிற மரத்தை மட்டும் விடச் சொல்லி. சரி, வழக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஓடைக்கரையிலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். அனுமதி வாங்கித்தான் வெட்டினார்கள். வெட்டிய மரத்திலும் அடிக்கட்டையிலும் இலாகா முத்திரைச் சுத்தியலால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரி செக்போஸ்ட் தாண்டாது. ஃபாரஸ்டர் சுத்தியலை என் கையில் கொடுத்தார். நான் அடித்தேன். அதுதான் என் வேலை, நான் அடிக்காவிட்டால் இன்னொருவன் அடித்திருப்பான்.

அப்போது தோப்பில் ஒரு ஜோடி அணில் இருந்தது. முதல் மரம் சாய்ந்த சத்தத்திலேயே அவை மேற்கே பார்த்து ஓடியிருந்தால் காட்டுக்குள் போயிருக்கும், கரை நாவல் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் கேட்டால் ஓட வேண்டிய இடம் எது என்று நாங்கள்தானே வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தோம்? இரண்டும் கிழக்கே ஓடி வந்தன. நான் கையைத் தட்டினேன், கத்தினேன், கல்லைக்கூட எடுத்து வீசினேன். ரெங்கசாமி மேல்துண்டை வீசிக்கொண்டு, "அங்கிட்டுப் போ! அங்கிட்டுப் போயிரு!" என்று அழுகிற குரலில் விரட்டினான். அவை எங்களைத் தாண்டி வந்து கிளிமூக்கு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. வெட்டு முடிந்த அன்று பொழுது சாயும்போது சுற்றிலும் வேறு மரமே இல்லை.

பெண் அணில் பசி தாங்காமல் இறங்கி நாயிடம் மாட்டியது. ஆணை வலை போட்டுப் பிடித்துக்கொண்டுபோய், போர்டையும் தாண்டி மலைச்சரிவில் விட்டோம். நல்ல அடர்த்தியான காடு, தண்ணீர் பக்கத்திலேயே. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சில நாள் கழித்து விடிகாலையில் அதே கடகடச் சத்தம். வெட்டவெளியில், தென்னங்கன்றுக் குழிகளுக்கு நடுவே தரையில் நடந்து வந்திருக்கிறது. கழுத்து ரோமம் பிய்ந்து, ஒரு காது கிழிந்து போயிருந்தது. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீகளா, வீடு தேடி வந்துருச்சு பாவம்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வீடு தேடி வரவில்லை. போகக்கூடிய வேறு இடம் அதன் புத்தியில் இல்லாதபடி நாங்கள் செய்துவைத்திருந்தோம்.

மறுபடி வலைக்கு அது மசியவில்லை. தை மாதம் அந்த ஒற்றை மரத்தில் குச்சியும் இலையும் பொறுக்கித் தனியாகக் கூடு கட்டியது. காலையில் மேல் உச்சியில் ஏறிக் கத்தும், பதில் வருகிறதா என்று கொஞ்சம் நிறுத்தும், திரும்பக் கத்தும். உன் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். பங்குனியில் ஒருநாள் சத்தம் வரவில்லை. தேடிப் போனேன். பக்கத்துப் புளியமரம் நின்ற இடத்துக்கு இறங்கிப் போயிருக்கிறது, அடிக்கட்டைமேல் கிடந்தது. நாய்கள் மிச்சம் வைத்திருந்ததை நானும் ரெங்கசாமியும் அங்கேயே புதைத்தோம். கட்டையில் நான் அடித்த முத்திரை அழியாமல் இருந்தது.

இப்போது உன் விஷயம். நீ போன நாளிலிருந்து நான் உனக்கு எழுதியதெல்லாம் என்ன? மா பூத்துவிட்டது, நீ வரும்போது பழுத்துவிடும். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. பின்கட்டில் உனக்கு ஒரு அறை பூசி வைத்திருக்கிறேன். அங்கே மேஸ்திரி ஒரு வார்த்தை அதட்டினாலும், வீட்டுக்காரன் காலி செய் என்றாலும், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றாலும் நீ உடனே, "நான் ஊருக்கு வந்துருதேன்ப்பா" என்பாய். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். சத்தம் கேட்டால் ஓடிவர உனக்கும் ஒரு மரத்தில் துணி கட்டி வைத்தவன் நான்தான். அணில் செத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது என்பது வெட்கமாக இருக்கிறது.

இங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். நீ சொன்ன மில்லின் வாசலில் பட்டப்பகலில் டீக்கடை நிறைய ஆள் உட்கார்ந்திருக்கிறது. ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். சோழபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்களை இன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே வேலை இருக்கிறது என்று உன்னைக் கூப்பிட்டவன் உன்மேல் பிரியமாகத்தான் கூப்பிட்டிருப்பான். அவன் வேலையே நிலைக்குமா என்று அவனுக்குத் தெரியாது. நீ பம்பாயில் பெர்மனண்ட் ஆனவன். உன் மகள் அங்கே பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகளோடு மராட்டியில் சண்டை போடுகிறாள் என்று நீயே எழுதினாய். அவளைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கே நடப்போகிறாய்? வந்த பிறகு திரும்பிப் போக நினைத்தால் அங்கே உன் இடத்தில் இன்னொருவன் நின்றுகொண்டிருப்பான். அப்புறம் நீயும் உச்சியில் ஏறிக் கத்த வேண்டியதுதான்.

எனக்கு ஒன்றும் குறைவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருட்டு வந்துகொண்டிருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும் இடுப்புயரத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்துப் போய்வரப் பழகுகிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தக் கூத்து? பிள்ள வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்" என்று திட்டுகிறாள். நீ வந்து என் கையைப் பிடித்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் உன் கையைப் பிடித்தாலும் கிணறு கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. தெரியாத கிணற்றுக்காக நீ கையில் இருப்பதை விட்டுவிட்டு வரக்கூடாது.

இந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும், யார் ஸ்டேஷனுக்கு வருவார்கள் என்று எழுதச் சொன்னாள். "என்ன எழுதுதீக இம்புட்டு நாளா?" என்று இன்று காலையில் கேட்டாள். வருகிற வழியை எழுதுகிறேன் என்றேன். "அவனுக்குத் தெரியாத வழியா?" என்று சிரித்துக்கொண்டு போனாள். பின்கட்டு அறையை அவள் மறுபடி வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறாள். நீ வரவில்லை என்று தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மட்டும் அவளிடம் போனில், அப்பா எழுதியதால் வரவில்லை என்று சொல். பழியை என்மேலேயே போடு.

கிளிமூக்கு மரம் இந்தச் சித்திரையிலும் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. தின்ன அணில் இல்லை, நீரே பறித்துக்கொள்ளும் என்று ரெங்கசாமியிடம் சொன்னேன். இப்போது அந்தத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் அவன் வேலை. "விட்டது விட்டதுதான் கார்டய்யா" என்று சொல்லிவிட்டு, கேட்காமல் போய் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு வந்தான். பழம் தானாகப் பழுத்துத் தானாக விழுகிறது. நேற்று மாலை நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தேன். "எங்க போறீக? மாம்பழம் விழுந்த சத்தம்" என்றாள் உன் அம்மா அடுப்படியிலிருந்து. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? தெரிந்துதான் எழுந்தேன். தெரிந்துதான் கதவைத் திறந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரம் இருக்கிற பக்கமாகப் பார்த்து, "ஏலே, வந்துட்டியா?" என்று கேட்டேன்.

இப்படிக் கேட்கிறவனை நம்பி நீ வராதே.

உன் அப்பா